நடுவர் மேசைக்கு முன்னால் ஐந்து நிமிடம்

மனிதரைப் பதற வைக்க வேண்டும், ஆனால் காயம் எதுவும் ஏற்படக் கூடாது. மின்சாரம் பாய்ச்சக் கூடாது, பாம்பைக் காட்டக் கூடாது, மருந்து ஏற்றக் கூடாது. துணிச்சல்காரரோ கூச்சக்காரரோ, சோதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நெஞ்சு படபடக்க வேண்டும். மன அழுத்தத்தை ஆராய்கிறவர்களுக்கு நெடுநாள் இருந்த சிக்கல் இது. அதற்கு ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூவர் 1993இல் ஒரு விடையை வெளியிட்டார்கள். இன்றுவரை உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அதையே பயன்படுத்துகிறார்கள்.

விடை இதுதான். ஆளை ஓர் அறைக்குள் அழைத்து வருவார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஓர் ஒலிவாங்கி, ஒரு வீடியோ கமரா. வந்தவர் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகப் பாவித்து, தனக்கே அது ஏன் கிடைக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். தயாராகச் சில நிமிடம் கிடைக்கும். ஆனால் எழுதிய குறிப்பைப் பார்த்துப் பேச முடியாது. மேசைக்காரர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது என்று பயிற்றுவிக்கப்பட்டவர்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டால், சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள் என்பார்கள். பேச்சு முடிந்தபின் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். பிழைத்தால் மறுபடி 1022.

இதைச் செய்தவர்களின் உமிழ்நீரை எடுத்துப் பார்த்தால், அழுத்தத்தின் அடையாளமான கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியிருக்கிறது. பின்னர் 2004இல் டிக்கர்சன், கெமனி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வகையைச் சேர்ந்த 208 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வெறும் கடினமான வேலை கோர்ட்டிசோலை அவ்வளவாக உயர்த்தவில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நடப்பது நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேர்ந்தபோதுதான் அது உச்சத்துக்குப் போனது.

அந்தக் கழித்தல் கணக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது ஒரு பேச்சுப்போட்டி.

இந்தச் சோதனையை ஆராய்ச்சி நிதி எதுவும் இல்லாமலே வருடந்தோறும் நடத்திவரும் இடங்களில் ஹாலிஎலயும் ஒன்று. இலங்கையின் மலையக ரயில் பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம். சுற்றிலும் தேயிலை மலைகள், அவற்றின் மடிப்புகளில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள், லயங்களுக்குக் கீழே தோட்டப் பாடசாலைகள். கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் வரும்போது இந்தப் பாடசாலைகளிலும் பேச்சுக்கு ஆள் தேடுவார்கள். பாடசாலையில் வென்றால் கோட்டம், பிறகு வலயம், பிறகு மாகாணம், அதையும் தாண்டினால் தேசிய மட்டம். கொழுந்தெடுக்கும் தாயின் பிள்ளை, அதுவரை பத்துப் பேருக்கு முன்னால்கூட வாய் திறந்திராத பிள்ளை, ஒரு நாள் வெள்ளைச் சீருடையும் புதிதாய்ப் பாலிஷ் போட்ட சப்பாத்துமாகப் பதுளை நகரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் நிற்கும். முன்வரிசையில் நடுவர்கள். அவர்கள் கையில் புள்ளித்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பெயர் கூப்பிட்டதும் உடம்புக்குள் நடப்பதை இரண்டு கட்டமாகப் பார்க்கலாம்.

முதலாவது நொடிக்கணக்கில் நடப்பது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் விரைகிறது. தசைகள் எதற்கோ தயாராகி, எதுவும் செய்யக் கிடைக்காததால் நடுங்குகின்றன. குடல் பகுதிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வயிற்றைப் பிசைவதும் இதே குழப்பத்தின் ஓர் அங்கம். தண்ணீரான உமிழ்நீர் சுரப்பது அடங்கி வாய் உலர்கிறது. தமிழ் பேசுகிறவருக்கு இந்தக் கடைசிச் சங்கதி கொஞ்சம் அநியாயமானது. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நாக்கு நுனி மேல்நோக்கி வளைந்து லாவகமாக விளையாட வேண்டும்; உலர்ந்த வாயில் அது ஒட்டிக்கொள்கிறது. உச்சரிப்புக்குப் புள்ளி வெட்டும் நடுவர் பாதி நேரம் வெட்டுவது உமிழ்நீருக்கான புள்ளியைத்தான்.

குரலும் தப்புவதில்லை. குரல்வளைத் தசைகள் இறுகும்போது குரல்நாண்கள் இழுபட்டு, நொடிக்கு அதிகத் தடவை அதிர்கின்றன; தொனி உயர்கிறது. வளர்ந்த ஆணுக்கு அந்த அதிர்வு நொடிக்கு 100 முதல் 120 வரை, பெண்ணுக்கு 200 அளவில், சிறுபிள்ளைகளுக்கு 300ஐ நெருங்கும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களின் பாடு பெரும்பாடு. குரல்வளை பெருத்து, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் காலம் அது. மகரக்கட்டு விழுந்த பையன் ஏற்கெனவே தன் குரலை நம்ப முடியாமல் இருக்கிறான். அதன்மேல் அட்ரினலினும் சேர்ந்தால், கீழே தொடங்கிய வாக்கியம் எங்கே போய்க் கீச்சிடும் என்று அவனுக்கே தெரியாது. சபை சிரிக்கும். சிரிக்கிற அண்ணன்மார் எல்லோரும் இரண்டு வருடம் முன்பு அதே நிலையில் இருந்தவர்கள்தான்.

இரண்டாவது கட்டம் மெதுவானது. மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் ஒரு ஹோர்மோனை அனுப்ப, பிட்யூட்டரி இன்னொன்றை அனுப்ப, அதைக் கேட்டு அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கோர்ட்டிசோலைச் சுரக்கிறது. பதற்றம் தொடங்கியதிலிருந்து அது உச்சத்தை எட்ட 20 முதல் 30 நிமிடம் ஆகும். இங்கேதான் சீட்டுக் குலுக்கல் முக்கியமாகிறது. முதலாம் இலக்கம் வந்தால் பிள்ளைகள் முகம் வாடிவிடுவார்கள். யாருக்கும் அது பிடிப்பதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீட்டைப் பிரித்த கணத்தில் பதறத் தொடங்கிய ஒரு பிள்ளை, தலைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், ஆறாவது ஏழாவது ஆளாக மேடையேறும் நேரத்தில் கோர்ட்டிசோலும் உச்சிக்கு வந்து சேர்ந்திருக்கும். முதலாம் இலக்கக்காரர் அட்ரினலினோடு மட்டும் மோதினால் போதும். எல்லோர் உடம்பும் ஒரே கடிகாரத்தில் ஓடாதுதான். ஆனாலும் முதலில் பேசுவதைச் சாபமாக நினைக்க உடலியல் இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கோர்ட்டிசோல் என்ன கெடுதல் செய்கிறது? நினைவைத் தேடி எடுக்கும் வேலையில் கை வைக்கிறது. மூளையில் நினைவுகளைப் பதிவதற்கும் மீட்பதற்கும் இன்றியமையாத ஹிப்போகாம்பஸில் இந்த ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. ஆய்வாளர் டெ கெர்வாங் தன் குழுவினருடன் 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் நாள் சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தவர்களுக்கு, மறுநாள் ஒப்புவிக்க ஒரு மணி நேரம் முன்பு கோர்ட்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். சாதாரணமாக நினைவுக்கு வரவேண்டிய சொற்களே வராமல் போயின. படிப்பதற்கு முன் அதே மாத்திரையைக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு இல்லை. அதாவது பாடம் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. எடுக்கும் வழிதான் அடைபடுகிறது. மேடையில் விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, கீழே இறங்கி ஐந்தாவது நிமிடம் முழுப் பேச்சையும் நண்பர்களிடம் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படிக்கவில்லை என்று அந்தப் பிள்ளையை ஏசுவது பிழையான குற்றச்சாட்டு.

அப்படியானால் எப்படிப் படித்தது என்று கேட்பது நியாயம். நம் ஊர்களில் பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்யும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். ஆசிரியர் பேச்சை எழுதிக் கொடுப்பார், அழகாக, அடுக்குமொழியோடு. பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும். லயத்து வாசற்படியில், பஸ் நிறுத்தத்தில், தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில், வாய் ஓயாமல். ஐம்பது தடவை வாசித்தாயிற்று என்ற நம்பிக்கையோடு மேடையேறும். அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் குறைவு. வாசிக்கும்போது அடுத்த வரி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தேடி எடுக்கும் வேலையை மூளை செய்வதே இல்லை. மேடையில் முதல் தடவையாக அந்த வேலையைச் செய்யச் சொல்கிறோம், அதுவும் கோர்ட்டிசோல் உச்சத்தில் நிற்கும் நேரத்தில்.

இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்மித், விக்டோரியா ஃப்ளோர்க்கி, அயானா தாமஸ் ஆகியோரின் ஆய்வு 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 120 பேர் சொற்களையும் படங்களையும் படித்தார்கள். பாதிப் பேர் மீண்டும் மீண்டும் பார்த்துப் படித்தார்கள். மற்றப் பாதி ஒரு தடவை பார்த்தபின் பட்டியலை மூடிவிட்டு, நினைவிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகினார்கள். மறுநாள் இரு தரப்பிலும் ஒரு பகுதியினரை அழைத்துப் பதற வைத்தார்கள். எப்படி? ஆயத்தமில்லாத பேச்சு, மனக்கணக்கு, முன்னால் நடுவர்கள்: நம் ட்ரியர் வித்தையேதான். சுமார் 25 நிமிடம் கழித்துக் கேட்டபோது, பார்த்துப் படித்தவர்களில் பதறியவர்கள் பதறாதவர்களைவிடக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். மூடிவைத்துப் பழகியவர்களில் பதறியவர்களுக்கும் பதறாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரு பிரிவினருமே பார்த்துப் படித்தவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

தாளை மூடிவைத்துவிட்டுத் தடுமாறிப் பழகிய பிள்ளை மேடையில் தடுமாறுவதில்லை என்பது மட்டுமல்ல இதன் பயன்; பேச்சு எங்கே அறுபடும் என்பதும் பழகும்போதே தெரிந்துவிடும். மனப்பாடப் பேச்சு ரயில் பெட்டிகளைக் கொளுவியதுபோல் இருக்கிறது. ஒரு கொளுக்கி கழன்றால் பின்னால் உள்ள எல்லாம் பாதையிலேயே நின்றுவிடும். கழலும் இடமும் பெரும்பாலும் ஒரே இடம்தான், ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்கும் சந்தி. பத்திக்குள் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்து வரும். பத்திகளுக்கு நடுவே இழுக்க எதுவும் இல்லை. ஆகவே பழகும்போது மூன்றாவது பத்தியிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும், கடைசியிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும், பேச்சின் சங்கதியை வீட்டில் உள்ள பாட்டிக்குச் சாதாரணப் பேச்சுத் தமிழில் விளக்கச் சொல்ல வேண்டும். பாட்டி குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

சந்திகளைப் பிடித்து வைக்கப் பழைய வழி ஒன்றும் உண்டு. பண்டைய ரோமப் பேச்சாளர்கள் பேச்சின் பகுதிகளை ஒரு வீட்டின் அறைகளில் ஒவ்வொன்றாக வைத்ததாக மனத்தில் கற்பனை செய்வார்கள். பேசும்போது அந்த வீட்டுக்குள் மனத்தாலேயே நடந்து ஒவ்வொன்றாய் எடுப்பார்கள். சிசரோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதற்குப் பெரிய வீடு வேண்டும் என்று யாராவது நினைத்தால், ஹாலிஎலப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பொருள் கைவசம் இருக்கிறது. பண்டாரவளை, கினிகம, ஹீல்ஓயா, கித்தல்எல்ல, எல்ல, தெமோதரை, உடுவரை, ஹாலிஎல, பதுளை. வரிசை தவறாமல் சொல்லத் தெரிந்த ஒன்பது ரயில் நிலையங்கள். பண்டாரவளையில் தொடக்கம், எல்லயில் முதல் உதாரணம். தெமோதரையில் பாதை வளைந்து சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே உள்ள சுரங்கத்துக்குள் நுழையும்; கேட்போரைத் திருப்பிப்போடும் மறுப்பு வாதத்தை அங்கே வைக்கலாம். பதுளையில் பாதை முடிகிறது, பேச்சும் முடிகிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. 2017இல் ‘நியூரான்’ இதழில் வந்த ஆய்வில், சாதாரண ஆட்களை நாளுக்கு அரை மணி நேரமாக 40 நாள் இந்த இட நினைவு முறையில் பழக்கினார்கள். 72 சொற்கள் உள்ள பட்டியலில் முன்பு முப்பதோடு நின்றவர்கள் பயிற்சிக்குப் பின் அறுபதைத் தாண்டினார்கள். இடங்களை நினைவில் வைப்பதும் ஹிப்போகாம்பஸின் வேலைதான் என்பது இதன் சூட்சுமங்களில் ஒன்று.

பயத்தைப் பற்றிப் பேசும்போது, சாவைவிட மேடைக்கே மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள் என்று ஒரு புள்ளிவிவரத்தை அடித்துவிடுவது பேச்சுப் பயிற்சி வகுப்புகளின் வழக்கம். அதன் மூலம் 1973இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பு: மேடைப் பேச்சு பயம் என்று 41 வீதமானோரும் மரணம் என்று 19 வீதமானோரும் குறித்தார்கள். ஒரு பட்டியலில் பயமானவற்றை எல்லாம் குறிக்கச் சொன்ன கணக்கு அது. 2012இல் இதை மறுபடி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தவர்கள், பட்டியலில் அதிகம் பேர் குறிப்பது மேடைப் பேச்சைத்தான் என்றாலும், எல்லாவற்றிலும் பெரிய பயம் எது என்று ஒன்றை மட்டும் கேட்டால் மரணமே முந்துகிறது என்று கண்டார்கள். நல்லவேளை.

இன்னும் பயனுள்ள கண்டுபிடிப்பு வேறொன்று. மேடையில் நிற்பவர் தன் நெஞ்சு அடிப்பது முன்வரிசைக்குக் கேட்கிறது என்றே நம்புகிறார். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகிய உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனைகளில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள்; கேட்டவர்களும் மதிப்பிட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்தது, பேசியவர்கள் பயந்ததைவிட மிகக் குறைவு. இன்னொரு குழுவுக்கு இந்த உண்மையை மேடையேறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். உன் பதற்றம் நீ நினைப்பதுபோல் வெளியே தெரியாது என்ற இந்தத் தகவல் ஒன்றைத் தவிர வேறு பயிற்சி எதுவும் இல்லை. அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களின் கணிப்பிலும்கூட. ‘பயப்படாதே’ என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பும் ஆசிரியர், அதற்குப் பதில் ‘பயம் யாருக்கும் தெரியாது, போ’ என்று அனுப்பலாம். அது உண்மையும்கூட.

‘அமைதியாக இரு’ என்ற அறிவுரைக்கும் இதே கதிதான். ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டியது: மேடைக்கு முன் தங்களுக்கு உற்சாகமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், அமைதியாக இருக்கிறேன் என்று சொன்னவர்களைவிட நம்பிக்கையாகவும் நம்பும்படியாகவும் பேசினார்கள். காரணம் எளிது. விரைந்து அடிக்கும் இதயத்தை அடக்குவது கடினம்; அந்த வேகத்துக்கு வேறு பெயர் வைப்பது சுலபம். உற்சாகத்திலும் இதயம் அப்படித்தான் அடிக்கும்.

மூச்சைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும், தமிழுக்கென்றே. சும்மா இருக்கும்போது மூச்சை உள்ளிழுப்பதற்கும் வெளிவிடுவதற்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பேசும்போது சட்டென்று இழுத்து, நீளமாக விடுகிறோம். ஒரு மூச்சுச் சுற்றில் பத்தில் ஒன்பது பங்கு வெளிமூச்சு. பதற்றத்தில் நெஞ்சுக்கூட்டின் மேற்பகுதியால் அவசர அவசரமாக மூச்சு வாங்கும் பிள்ளைக்கு வாக்கியம் முடியுமுன் காற்று தீர்ந்துவிடும். வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும் மொழிகளில் இது பெரிய நட்டம் இல்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்தார்களா செய்யவில்லையா, வேண்டுமா வேண்டாமா என்ற தீர்ப்பு முழுவதும் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது, அதுவும் காற்று தீர்ந்த இடத்தில். அடுக்குமொழியில் ஆறு எச்சங்களைக் கோத்து ஏழாவதில் வினைமுற்று வைக்கும் பேச்சை எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள், அதை ஒரு தடவை ஒரே மூச்சில் தாங்களே சொல்லிப் பார்த்தால் உதவியாக இருக்கும். மேடையேறுமுன் நீளமாக மூச்சை விடுவதில் இன்னொரு இலாபமும் உண்டு. மூச்சை இழுக்கையில் இதயம் சற்று விரைகிறது, விடுகையில் மந்தமாகிறது. வேகஸ் நரம்பின் வேலை அது. ஆழமாக இழு என்பதைவிட மெதுவாக விடு என்பதே சரியான யோசனை.

தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கத்திப் பேசும் பழக்கம் உண்டு என்று நகரத்து நடுவர்கள் சில வேளை குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரே நீண்ட மண்டபத்தை மறைப்புத் தட்டிகளால் பிரித்தோ, பிரிக்காமலோ, நாலைந்து வகுப்புகள் நடக்கும் பாடசாலைகள் மலையகத்தில் நெடுங்காலம் இருந்தன. இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, இந்தப் பக்கம் தமிழ்ப்பாடம் நடக்கும். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விவரித்தார். உரப்பு மட்டும் கூடுவதில்லை, தொனியும் ஏறுகிறது. அடக்க முயன்றாலும் முழுக்க அடங்காத அனிச்சை அது, பறவைகளிடமும் காணப்பட்டிருக்கிறது. அந்த மண்டபங்களில் பேசிப் பழகிய குரல், நிசப்தமான மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றால் கத்தலாகத்தான் கேட்கும். குறை குரலில் இல்லை.

ஒலிவாங்கியோ பல பிள்ளைகளுக்குப் போட்டியன்றுதான் அறிமுகம். வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் அதைச் சேரும் ஒலியின் ஆற்றல் கால் பங்காகிவிடும். இடமும் வலமும் தலையை ஆட்டிச் சபையை அளந்து பேசுவது நம் மேடை மரபு; அதைச் செய்யும் ஒவ்வொரு தடவையும் பாதிச் சொல் காற்றோடு போகிறது. போட்டிக்கு முன் இரண்டே நிமிடம் எல்லாப் பிள்ளைகளையும் மைக்கில் பெயர் சொல்ல விட்டால் இந்த அநியாயம் பெருமளவு தீரும். பல இடங்களில் அமைப்பாளர்கள்தான் அந்த இரண்டு நிமிடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள், வரவேற்புரைக்காக.

ஒலிவாங்கி இல்லாத காலத்தில் தொடங்கியது நம் மேடை. கிறிஸ்தவப் போதகர்களின் பிரசங்க முறையைக் கண்டு, அதே முறையைச் சைவத்துக்கு எடுத்து, 1847 டிசம்பர் 31ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஒருவர் நின்று உரைநடையில் பேச, பலர் அமர்ந்து கேட்பது என்ற இன்றைய தமிழ் மேடையின் வேர்களை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் அந்த நாளை ஒரு திருப்பமாகக் கருதினார். மலைகளுக்கு அது பிந்தித்தான் வந்தது. வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைப்பதே குற்றமாக இருந்த காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போனதாகச் சொல்வார்கள். அவர் பேசுவார், மனைவி மீனாட்சி அம்மாள் தாம் இயற்றிய பாட்டுகளைக் கூட்டங்களில் பாடுவார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஏழு பேரில் ஒருவரான எஸ். எம். சுப்பையா பதுளையின் உறுப்பினர். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரின் வாக்குகளை எடுத்துக்கொள்ள வழிவகுத்தது வேறு கதை. தாத்தாவின் தாத்தா கூட்டம் கேட்கப் பயந்து பயந்து போன அதே மலையில்தான் பேத்திக்கு மணியடித்து ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள்.

கேட்பவர்களின் தலைக்குள்ளும் ஒன்று நடக்கிறது. 2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லோரன் சில்பர்ட் என்ற ஆய்வு மாணவி மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்துக்கொண்டு, தன் பள்ளிப் பருவத்துச் சம்பவம் ஒன்றை ஒத்திகை பார்க்காமல் சொன்னார். பிறகு அந்தப் பதிவை வேறு சிலர் அதே கருவிக்குள் கேட்டார்கள். சொன்னவரின் மூளையில் ஓடிய அலைகளைக் கேட்டவர்களின் மூளை சில நொடி பிந்தி அப்படியே பின்தொடர்ந்தது. சில பகுதிகளில் கேட்பவர் மூளை சொல்பவரை முந்தியது. அடுத்து வருவதை ஊகித்துக்கொண்டு காத்திருந்தது. அந்த முந்தல் கூடக் கூடக் கதை நன்றாகப் புரிந்திருந்தது. கேட்பவர்களுக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை ஓடியபோது இந்த ஒத்திசைவு மறைந்துவிட்டது.

இதைப் படித்தபோது நம் போட்டிப் பேச்சுகளின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. தலைவருக்கும் நடுவர்க்கும் ஆசிரியர்க்கும் அவையோர்க்கும் தனித்தனி வணக்கம், தமிழ்த்தாய்க்கு ஒரு வணக்கம், எல்லாம் அடைமொழியோடு. ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் அங்கேயே போய்விடும். பன்னிரண்டு பிள்ளைகள் பேசினால் பன்னிரண்டு நிமிடம். முன்வரிசையின் மூளைகளுக்கு ஊகிக்க எதுவும் மிச்சம் இல்லை. அந்த வணக்கத்துக்குப் பிறகு, கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றியோ ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்க வரிசை கட்டும் வெளிநாட்டாரைப் பற்றியோ ஒரு பிள்ளை தன் கண்ணால் கண்டதைச் சொல்லத் தொடங்கினால், புள்ளித்தாளில் குனிந்திருந்த தலைகள் நிமிரும். 2014இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் பேச்சு வாகையர் போட்டியில் வென்றவர் ஓர் இலங்கையர், தனஞ்சய ஹெட்டியாரச்சி. அந்தப் போட்டியை நடத்தும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் முதல் கழகம் கலிபோர்னியாவில் தொடங்கிய 1924இல்தான் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. அந்த உலகப் போட்டியிலும் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான். அரை நிமிடத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ போட்டியிலிருந்தே நீக்கம். அந்தக் கண்டிப்பு இருக்கும் மேடையில் யாரும் ஒரு நிமிடத்தை வணக்கத்தில் செலவிடுவதில்லை.

இனி அந்த நடுவர் மேசை. ட்ரியர் சோதனையில் பேச்சு பயமா, முன்னால் இருக்கும் முகங்கள் பயமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2013இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்து ஆய்வாளர்கள் வீமர்ஸ், ஷூஃப்ஸ், வோல்ஃப் ஆகியோர் அதே சோதனையை நட்பான வடிவில் நடத்தினார்கள். ஆட்கள் அதேபோல் பேச வேண்டும். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள், தலையாட்டினார்கள், இன்முகமாகப் பேசினார்கள். கோர்ட்டிசோல் ஏறவில்லை.

இந்த ஆய்வை வலயப் போட்டிகளுக்கு நடுவர்களை நியமிக்கும் கடிதத்தோடு இணைத்து அனுப்பலாம் என்பது என் யோசனை. நடுநிலை என்றால் கல்முகம் என்று யாரோ நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாகத் தலையாட்டுவதும் நடுநிலைதான், புள்ளித்தாளில் அதற்குத் தடை எதுவும் போடப்படவில்லை.